நாய்க்கடிக்கு முதல் மருந்து குழாய்த் தண்ணீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவில் ஆறு வயதுப் பையனை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்து ரத்தம் கசிந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஓடிவந்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிவிட்டார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அப்போது செய்ய வேண்டியது ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுவது. ரேபிஸ் கிருமியில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும்.

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். குழாயில் தண்ணீர் வரவில்லை. கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிவந்துதான் கழுவினோம். தடுப்பூசி உடனே போட்டார்கள், அதற்கு நன்றி. ஆனால் ரத்தம் வந்த கடிக்கு அது மட்டும் போதாது. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை பாதுகாக்க, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும், தயாராக உள்ள எதிர்ப்புப் புரதம்) ஊசியும் போட வேண்டும். அதற்காக இரண்டு பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்குப் போனோம், அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு.

தமிழக சுகாதாரத் துறை இந்த ஊசியைத் தாலுகா மருத்துவமனைகளிலும் எப்போதும் இருப்பில் வைக்க வேண்டும். வாசலிலேயே சோப்போடு ஒரு குழாய் வேண்டும். அப்புறம், தடுப்பூசி முதல் நாளோடு முடிவதில்லை. 3, 7, 28ஆம் நாள்களிலும் போட வேண்டும். காயம் ஆறியதும் கடைசி ஊசியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கிராம சுகாதார செவிலியர் ஒரு போன் செய்து நினைவூட்டலாமே. ரேபிஸ் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

எங்கள் தெருப் பையனுக்கு வரும் வெள்ளிக்கிழமை கடைசி ஊசி.

– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்