சமையலறைக் குப்பைக்கு இடம் தேடும் நண்பருக்கு

கொழிஞ்சாம்பாறை,
ஆடி 14

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும், அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த சமையலறை வரைபடமும் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அண்ணி ஊன்றுகோலை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. மகனுடைய வீட்டின் பின்பக்கத்தைப் பிரித்து, உங்கள் இருவருக்கென்று ஒன்பதுக்கு ஏழு அடியில் தனிச் சமையலறை கட்டுவதும் நல்ல முடிவு என்றே எனக்குப் படுகிறது. அடுப்புக்கும் சிங்க்குக்கும் அலமாரிக்கும் இடம் குறித்துவிட்டு, குப்பைக்கூடைகளுக்கு மட்டும் கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். சிங்க்கின் அடியில் மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்து, இழுத்தால் வெளியே வரும்படி செய்து தருவதாக ஆசாரி சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் எங்கள் சமையலறையைப் புதுப்பித்தபோது நாங்களும் அதைத்தான் செய்தோம். ஏழு மாதத்தில் அதைப் பிரித்து எடுத்துவிட்டோம். அந்தச் செலவும் அலைச்சலும் உங்களுக்கு வரக்கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சிங்க்கின் அடியில் வளைந்து போகும் கழிவுநீர்க் குழாய், நாம் நினைப்பதைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. இரண்டடி அகல அலமாரி என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், குழாய்க்கு விட்டது போகத் தொட்டிகளுக்குக் கிடைப்பது ஒன்றேகால் அடிதான். அதற்குள் மூன்றை நுழைக்க வேண்டுமானால் மூன்றும் சிறியவையாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் குழாயின் மூட்டு ஒன்று சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. மூடிய அலமாரி என்பதால் பலகை உப்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் நெகிழி உறைகளைப் போட்டு வைத்திருந்த சாக்கின் அடிப்பகுதி முழுவதும் நனைந்து, கரப்பான்பூச்சிகள் குடியேறிவிட்டன.

அந்த மாதம் ஹரித கர்ம சேனையிலிருந்து வந்த பெண்மணி திண்ணையில் அமர்ந்து சாக்கை அவிழ்த்தார். இங்கே கேரளத்தில் மக்காத குப்பையை மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வது அவர்கள்தான். எங்கள் வார்டில் அதற்கு மாதம் 50 ரூபாய் கொடுக்கிறோம். அவர் கோபப்படவில்லை. மேலே இருந்த ஒரு பால் உறையை எடுத்து இரண்டு விரலால் பிரித்துக் காட்டினார். உள்ளே பால் தயிராகித் திரிந்து, பச்சை பூத்திருந்தது. “காய்ஞ்சிருந்தா எடுக்கலாம் மாஷே, இது எங்க கையிலயே நாறுமே” என்றார். நாள் முழுவதும் வீடு வீடாகச் சென்று இதையெல்லாம் வெறுங்கையால் தரம் பிரிக்கும் ஒருவரிடம் அப்படி ஒரு சாக்கை நீட்டியது எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அன்று மாலையே இந்த ஏற்பாட்டை மாற்றுவதென்று முடிவு செய்தோம்.

நாங்கள் செய்த தவறு, எல்லாக் குப்பையையும் ஒரே இனமாக நினைத்து ஒரே இடத்தில் அடுக்கியதுதான். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. மூன்று வகை என்றால் மூன்று தொட்டி, மூன்று தொட்டி என்றால் பக்கத்தில் பக்கத்தில் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். காய்கறித் தோல் ஒரு நாளுக்குமேல் வீட்டில் இருக்கக்கூடாது. பால் உறை ஒரு மாதம் இருக்கும். தீர்ந்துபோன பேட்டரி ஆறு மாதம் இருந்தாலும் யாரையும் தொந்தரவு செய்யாது. ஒவ்வொன்றும் எங்கே உண்டாகிறது, எத்தனை நாள் காத்திருக்கிறது என்று பார்த்து இடம் கொடுத்திருந்தால் எங்களுக்கு ஒரு சிரமமும் வந்திருக்காது. ஆகவே ஆசாரி வேலையைத் தொடங்கும் முன் ஒரு வாரம் பொறுத்து, இப்போது சமைக்கும் இடத்தில் அண்ணி எந்த இடத்தில் நின்று காய் நறுக்குகிறார், தேங்காய் எங்கே துருவுகிறார், தேயிலைச் சக்கையை எங்கே தட்டுகிறார் என்று கவனித்துப் பாருங்கள். நான் ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதிப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஈரக் குப்பையில் முக்கால் பங்கு, அடுப்புக்கு இடப்பக்கம் இரண்டடி நீளத்துக்குள்ளேயே உண்டாகிறது. சிங்க் இருப்பதோ அதற்கு எதிர்ச்சுவரில். நறுக்கிய தோலை அள்ளிக்கொண்டு அறையைக் கடக்கும்போதெல்லாம் தரையில் சொட்டியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது ஈரக் குப்பைக்கு ஐந்து லிட்டர் வாளி ஒன்றுதான் வைத்திருக்கிறோம். நறுக்கும் இடத்துக்கு நேர் கீழே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கல் பலகை பதித்து அதன்மேல் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுக்கும் இதையே சொல்வேன். அண்ணியை நினைத்தால் இன்னும் வற்புறுத்திச் சொல்வேன். காலால் மிதித்தால் திறக்கும் தொட்டியைக் கடைக்காரர்கள் வசதியானது என்று காட்டுவார்கள். மிதிக்கும் நேரத்தில் உடம்பின் பாரம் முழுவதும் மற்றக் காலில் நிற்கிறது. புதிதாக முழங்கால் மாற்றியவருக்கு அது வேண்டவே வேண்டாம். தரையில் வைத்த தொட்டிக்குக் குனிய வேண்டும். ஒன்றரை அடி உயரத்தில், மூடியைக் கையால் தள்ளிவிடும்படி இருந்தால் குனியவும் வேண்டாம், ஒற்றைக்காலில் நிற்கவும் வேண்டாம். பெரிய வாளி வாங்கினால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டினால் போதுமே என்று தோன்றும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வெயில் காலத்தில் ஈயின் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும்; அது வளர்ந்து பறக்க ஏழெட்டு நாள் போதும். வாளி சிறியதாக இருந்தால் தினமும் கொட்டித்தான் ஆக வேண்டும், அதனால் ஈயின் அந்தச் சுற்று வீட்டுக்குள் முழுமையடையாது. அடியில் ஒரு செய்தித்தாள் மடிப்பும், மேலே ஒரு கைப்பிடி தென்னை நார்த்தூளும் போட்டால் நீர் கட்டாது. நீர் கட்டிக் காற்றுப் போகாமல் அழுகுவதால்தான் அந்த நாற்றம் வருகிறது. சாதம் வடித்த கஞ்சியும் குழம்பும் மட்டும் அதில் விழக்கூடாது. மிச்சத்தை முதலில் வடிதட்டில் தட்டி நீரை இறக்கிவிட்டு, பிறகு வாளியில் போடுகிறோம்.

நம் இருவருக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. நீங்கள் எழுதியபடி உங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்தில் தூய்மைக் காவலர் காலையில் வண்டியோடு வந்து மக்கும் குப்பையையும் வாங்கிக்கொள்கிறார். இங்கே எங்கள் வார்டில் ஈரக் குப்பையை யாரும் எடுத்துப்போவதில்லை, வீட்டிலேயே உரமாக்க வேண்டும். தென்னை மரத்தடியில் இரண்டு சிமென்ட் வளையங்கள் வைத்திருக்கிறோம். ஒன்று நிரம்பினால் மூடிவிட்டு மற்றொன்றைத் தொடங்குகிறோம், இரண்டு மூன்று மாதத்தில் முதலாவது மண்ணாகிவிடுகிறது. ஆகவே என் வாளியின் பாதை பின்வாசலை நோக்கிப் போகிறது. உங்கள் வாளியின் பாதை தெருவை நோக்கிப் போக வேண்டும். உங்கள் வரைபடத்தில் நறுக்கும் மேடை உள்மூலையில் இருக்கிறது. அதை வாசல் பக்கமாக இரண்டடி நகர்த்த முடிந்தால், காலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் அண்ணி அடுப்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்காது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் இருவரும் பாலக்காட்டுக் கணவாயின் வாயில்தான் குடியிருக்கிறோம். ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் அடிக்கும் காற்றை இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் ஈர வாளியை மேற்கு வாசலில் வைத்தேன். தை, மாசி மாதங்களில் ஒரு மணமும் தெரியவில்லை, ஆனி பிறந்ததும் வாளியின் வாடை நேராகக் கூடத்துக்கு வந்தது. கிழக்கு வாசலில் வைத்திருந்தால் மார்கழியில் அதே கதைதான். இப்போது வாளி இருப்பது தெற்குச் சுவரோரம், இரு காற்றுக்கும் குறுக்கே. உங்கள் வரைபடத்தில் திசை குறிக்கவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன்.

திசை என்றதும் நினைவுக்கு வருகிறது. அடுப்பைத் தென்கிழக்கான அக்னி மூலையிலும் தண்ணீரை வடகிழக்கான ஈசானியத்திலும் வைப்பதுதான் நம் பக்கத்து வழக்கம், உங்கள் மேஸ்திரியும் அப்படித்தான் குறித்திருப்பார். அப்படியானால் சிங்க்கின் அடியில் தொட்டி வைப்பது ஈசானிய மூலையில் குப்பை வைப்பதாகிவிடும். என் தாயார் முதல் நாளே இதைச் சொல்லித்தான் மறுத்தார், நான் கேட்கவில்லை. சாத்திரம் இருக்கட்டும், தண்ணீர் புழங்கும் மூலையில் குப்பை கூடாது என்று அவர் சொன்னது எங்கள் வீட்டில் அப்படியே சரியாகிவிட்டது.

நெகிழிக்கு முதலில் வேண்டியது காய வைக்கும் இடம், தொட்டி அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் மறந்துபோவது இதுவே. பால் உறையின் மூலையை வெட்டும்போது அந்தத் துணுக்கைத் தனியாக வெட்டி எறியாமல், உறையோடு ஒட்டியிருக்கும்படி விட்டுவிடுகிறோம். விரல் நகமளவுத் துண்டு ஒருமுறை தரையில் விழுந்தால் பெருக்கும்போது மண்ணோடு போய்விடும், பிறகு அதை யாராலும் பொறுக்க முடியாது. உறையை ஒரு பக்கம் முழுவதும் வெட்டி விரித்து, அரிசி கழுவிய தண்ணீரில் அலசி, சிங்க்குக்கு மேல் ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றில் துணிக் கிளிப்பால் மாட்டிவிடுகிறோம். கிளிப் கட்டாயம் வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். போன ஆடியில் எங்கள் கயிற்றிலிருந்த உறைகள் பக்கத்துத் தென்னந்தோப்பு வரை போய்விட்டன, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தோம். இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்ததை மடித்துக் கதவின் பின்புறம் தொங்கும் துணிப்பையில் போடுகிறோம். இருவர் மட்டுமே இருக்கும் வீட்டில் ஒரு மாதத்து உறைகளையும் மடித்தால் ஒரு தலையணை அளவுகூட வராது. அதற்காகத் தரையில் ஒரு சதுர அடியை ஒதுக்குவது வீண்.

சுத்தமும் உலர்வும் வேண்டும் என்பது வெறும் மரியாதைக்காக மட்டும் அல்ல. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன், 2018இல் பத்மஸ்ரீ பெற்றாரே, சாலை போடுவதற்கு அவர் காட்டிய முறையில், துண்டாக்கிய நெகிழியைச் சூடான ஜல்லியின்மேல் தூவினால் அது உருகிப் படலமாகப் படிந்து, தாரோடு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஈரமும் எண்ணெயும் சோறும் ஒட்டியிருந்தால் அந்த வேலைக்கு உதவாது; மறுசுழற்சிக்கும் உதவாது. நம் சமையலறைக் கயிற்றில் காயும் அந்த இரண்டு மணி நேரம்தான், அது சாலையாகுமா, மேடாகக் குவியுமா என்பதைத் தீர்மானிக்கிறது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் குப்பை மேடு நாள்கணக்கில் எரிந்து நகரமே புகையில் மூச்சுத் திணறியதைப் பார்த்த பிறகு, இதை என்னால் சிறிய விஷயமாக நினைக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு லாரிகளில் திரும்ப அள்ளிச் சென்ற செய்தியைப் படித்தபோது, எல்லையில் வாழும் நமக்கு இரு பக்கமும் வலித்தது.

செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் சமையலறைக்குள் வரவே வேண்டாம். பரண்மேல் கட்டி வைத்துப் பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள். முக்கியமாக, கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிறதே என்று காகிதத்தையோ சாக்கையோ திணிக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். சிலிண்டர் வைக்கும் அறையின் அடிப்பக்கத்தில் காற்றோட்டத்துக்கு விட்ட துளைகளைக் குப்பைப்பை அடைத்துக்கொண்டால் பேராபத்து. உங்கள் வரைபடத்தில் சிலிண்டருக்கு அருகே ‘உலர் குப்பை?’ என்று பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அதை இன்றே அழித்துவிடுங்கள். தேங்காய்ச் சிரட்டை எளிதில் மக்காது, வெந்நீர் அடுப்புக்குப் போகட்டும். உடைந்த கண்ணாடி, பல்பு, பேட்டரி, காலாவதியான மாத்திரை ஆகியவற்றுக்கு மூடியுள்ள ஒரு பழைய பிஸ்கட் டின் போதும். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோபாலபுரம் சோதனைச் சாவடி வழியாக வரும் பேருந்தில் நானும் வீட்டுக்காரியும் அண்ணியைப் பார்க்க வருகிறோம். அளவு நாடாவும் எடுத்து வருகிறேன். அண்ணியை மேடை முன் நிற்க வைத்து, கை எட்டும் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு கல் பலகையின் இடத்தை முடிவு செய்வோம். அதுவரை சிங்க்கின் அடிப்பகுதியைக் கதவு போட்டு மூட வேண்டாம், குழாய் மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி திறந்தே இருக்கட்டும் என்று மட்டும் ஆசாரியிடம் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பள்ளிக்கூடத் தோழன்