ரீசெட் மட்டும் பண்ணாதே

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்து சாயங்காலம் நடக்கப் போகிறார். நம் நண்பன் ஒல்லி போன வாரம் பேசினான். அதே பழைய பஞ்சாங்கம்தான், உனக்குத் தெரியாததா.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இணையப் படங்களைப் பார்க்க டிவியில் செருகும் அந்த டிவி ஸ்டிக் மறுபடியும் 'இணைய இணைப்பு இல்லை' என்று காட்டுகிறது, ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதுசாக்கும் ஃபேக்டரி ரீசெட் பண்ணிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து பண்ணாதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பா அறையில் இருக்கும் ஸ்டிக், வீட்டில் ரவுட்டரை மாற்றியதிலிருந்து படுத்துவிட்டது. வைஃபை பெயருக்குக் கீழே 'இணைக்கப்பட்டது' என்று இருக்கிறது. சிக்னல் முழுசாக இருக்கிறது. அதே வைஃபையில் என் போனில் வீடியோ தங்குதடையின்றி ஓடுகிறது. ஸ்டிக்கில் மட்டும் எந்த ஆப்பைத் திறந்தாலும் வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் பிழைச் செய்தி. உதவி எண்ணில் பேசியவர்களுக்குத் தெரிந்தது இரண்டே வைத்தியம்: அணைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ரீசெட் செய்யுங்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "விடுப்பா, இது இல்லாமல் இருக்க முடியாதா" என்று சீக்கிரமே விளக்கை அணைத்துப் படுக்க ஆரம்பித்தார். அம்மா போனதற்கப்புறம் ராத்திரியில் அவருக்கு அந்தப் பழைய படங்கள்தான் துணை. அது உனக்கும் தெரியும். அவர் இருட்டில் தூங்காமல் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அமைப்புகளில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். தேதி, நேரம் என்ற பக்கத்துக்கு வந்தபோது அதில் 1970 ஜனவரி 1 என்று இருந்தது!

காரணம் இதுதான். இந்த மாதிரி ஸ்டிக்குகளில் பெரும்பாலும் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் நேரம் மறந்துவிடும். இணையத்தில் இருக்கும் நேர சர்வரைக் கேட்டுத்தான் மணியைச் சரிசெய்துகொள்ளும். அந்தக் கேள்வி 123ஆம் எண் போர்ட் என்ற வாசல் வழியாகப் போகும். புது ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பு அந்த வழியை அடைத்து வைத்திருந்தது. சரி, நேரம் தப்பாக இருந்தால் படம் ஏன் ஓடவில்லை என்று கேட்பாய். ஆப் சர்வரோடு பேசும் முன்னால், அது உண்மையான சர்வர்தானா என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழைச் சரிபார்க்கும். எல்லாச் சான்றிதழிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 1970இல் உட்கார்ந்திருக்கும் ஸ்டிக்குக்கு அது இன்னும் தொடங்கவே தொடங்காத சான்றிதழ். அதனால் தொடர்பைத் துண்டித்துவிட்டு, நம்மிடம் 'இணைப்பு இல்லை' என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்கிறது. எனக்கு வந்த கோபம் அந்த ஒற்றை வரியின் மேல்தான். 'நேரம் தவறு' என்று சொல்லியிருந்தால் அப்பாவே ரிமோட்டை எடுத்துச் சரிசெய்திருப்பார்.

ரவுட்டரில் அந்த வழியைத் திறந்துவிட்டு ஸ்டிக்கை அணைத்துப் போட்டேன். தேதி தானாக இன்றைக்குத் தாவியது. ஆப் திறந்தது. அன்றைக்கு அப்பா நடுராத்திரி தாண்டியும் படம் பார்த்தார், நானும் போய்த் தூங்கச் சொல்லவில்லை.

இப்போது யோசித்துப் பார். ரீசெட் பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடைத்த வழி அடைத்தபடியேதான் இருந்திருக்கும், தேதியும் மாறியிருக்காது. ஆனால் உள்ளே இருந்த கணக்குகள், கடவுச்சொற்கள் எல்லாம் போயிருக்கும்.

இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. 2015இல் வந்த, இதே வேலையைச் செய்யும் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவி 2025 மார்ச்சில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நின்றுபோனது. உள்ளே வைத்திருந்த பத்து வருடச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான். கூகுள் சில நாட்களில் திருத்தத்தை அனுப்ப ஆரம்பித்தது. சும்மா விட்டவர்களுக்குத் தானாகச் சரியானது. அவசரப்பட்டு ரீசெட் பண்ணியவர்கள்தான் மறுபடி அமைக்கவே முடியாமல் கூடுதலாகக் காத்திருந்தார்கள். 2021 செப்டம்பர் 30 அன்று மற்றச் சான்றிதழ்களை நம்ப அடிப்படையாக இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் முடிந்தபோதும், புதுப்பிக்கப்படாத பல பழைய சாதனங்கள் இணையதளங்களை நம்ப மறுத்தன. இதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. திரை நன்றாக இருக்கிறது, சில்லு நன்றாக இருக்கிறது, ஆனால் எவனோ எப்போதோ எழுதிவைத்த ஒரு தேதியால் பொருள் குப்பைக்குப் போகிறது. வாங்கும்போது அந்தத் தேதியை நம்மிடம் யாராவது சொல்கிறார்களா?

உன் கதை வேறு என்றுதான் நினைக்கிறேன். பகலில் ஓடுகிறது, ராத்திரியில் நடுவில் நின்று பிழை காட்டுகிறது என்கிறாய். முதலில் உன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஸ்டிக்கை அதோடு இணைத்து, ராத்திரியிலேயே பார். அதில் ஒழுங்காக ஓடினால் ஸ்டிக் மேல் பழி இல்லை, ரவுட்டர் பக்கம் போ. உன் கட்டடத்தில் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரே நெரிசலாக இருக்கும். ஒன்றோடொன்று மோதாத சேனல் என்று பார்த்தால் 1, 6, 11 என மூன்றுதான் தேறும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார். சுவர் தாண்டினால் அது சீக்கிரம் பலவீனமாகும், ஆனால் உன் ரவுட்டர் அதே கூடத்தில்தானே இருக்கிறது.

இன்னொன்று. ஸ்டிக்கை டிவியின் முதுகில் நேராகச் செருகி வைத்திருக்கிறாய். திரையின் உலோகம் சிக்னலை மறைக்கும். கூடவே வந்த குட்டி ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரை எடுத்து மாட்டு. மின்சாரத்தையும் டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காதே. சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், பல ஸ்டிக்குகள் கேட்பது ஒரு ஆம்பியர். போதாவிட்டால் படம் ஓடும்போதே அணைந்து எழும். இதைப் போன வருஷமே சொன்னேன், சொன்னால் கேட்கிற ஆளா நீ! அந்த வயரை டப்பாவோடு பரணில் போட்டிருப்பாய், அண்ணியைக் கேள், அவருக்குத் தெரியும்.

அடுத்த தடவை நிற்கும்போது எதையும் அணைக்காமல் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, ஸ்டிக்குக்கு ரவுட்டர் கொடுக்கும் எண்ணான ஐபி முகவரியைப் படம் எடுத்து அனுப்பு. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம், அப்போது ரவுட்டரை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். 192.168 என்று இருந்தால், இணையதளப் பெயருக்கு எண் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பார். தேதிப் பக்கத்தையும் கூடவே எடு. சனிக்கிழமை ராத்திரி போனில் பேசுவோம், நீ டிவி பக்கத்திலேயே இரு.

அன்புடன்,
உன் நண்பன்