தொற்றுக்குப் பயந்து தொட்டிலை மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020-இல் கொரோனா பரவத் தொடங்கியபோது, தொற்று உறுதியான தாயையும் அவள் பெற்ற பிள்ளையையும் சேர்த்து வைப்பதா, பிரித்து வைப்பதா என்பதில் மருத்துவ உலகமே ஒரு பக்கமாக நிற்கவில்லை. சேர்ந்தே இருக்கட்டும், தாய்ப்பால் தொடரட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே சொல்லிவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் ஏப்ரலில் தற்காலிகமாகப் பிரிக்கச் சொல்லி, ஜூலையில் அதைத் திருத்திக்கொண்டது. திருத்தம் வந்தது பலருக்குத் தெரியாது. பிரிக்க வேண்டும் என்ற பேச்சு மட்டும் மனதில் தங்கிவிட்டது. இன்றைக்கும் தாய்க்குக் காய்ச்சல் என்றதும் பிள்ளையை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கிருமியைத் தடுக்க என்று செய்யும் ஏற்பாடுகளில் சில, கிருமியைவிடக் குழந்தைக்கு ஆபத்தானவை என்பதைச் சொல்லவே இக்கடிதம். (கொரோனா, ஃப்ளூ போல மூச்சு வழியே பரவும் நோய்களுக்கே இது பொருந்தும். எபோலா வந்த தாய் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதே விதி.)

கொரோனா வந்த தாய்மார்களின் பாலைச் சோதித்தபோது சிலவற்றில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் தென்பட்டன. ஆனால் பால் வழியே நோய் தொற்றியதாக நிரூபணமாகவில்லை. நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருட்கள்தான் அதில் இருந்தன. பிள்ளைக்குக் கிருமி போவது தாயின் மூச்சாலும் இருமலாலும் கையாலும்தான். ஆகவே காவலும் அங்கேதான் வேண்டும். பிள்ளையைத் தொடுவதற்கு முன் மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க் அணிய வேண்டும்; நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். கையை சோப்புப் போட்டு 20 விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் கிடைக்காத இடத்தில், 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசரைத் தடவி, கை காய்ந்த பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் மார்பைக் கழுவத் தேவையில்லை. திறந்த மார்பின் மேல் இருமிவிட்டால் மட்டும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவினால் போதும். காம்பில் சானிடைசர் தடவுவது கூடவே கூடாது. தோல் காய்ந்து வெடிக்கும், வலிக்கும், வலிக்குப் பயந்து பால் கொடுக்கும் நேரம் தள்ளிப்போகும். பிறகு பால் குறைந்துவிட்டது என்று புட்டி வரும். பிள்ளைக்கும் மாஸ்க் வேண்டாம், முகத்தடுப்புக் கண்ணாடியும் வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மூச்சு முட்டினால் அதைக் கழற்றத் தெரியாது.

தாயால் எழுந்து உட்காரவே முடியவில்லை என்றால் பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுக்கலாம். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை எடுக்க வேண்டும், இரவிலும் விடக்கூடாது. நோயாளி தூங்கட்டும் என்று நல்லெண்ணத்தில் இரவு முழுக்க விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மார்பில் பால் தேங்கினால் தேவை குறைந்துவிட்டது என்று உடம்பு எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். பால் கட்டி, மார்பு சிவந்து, குளிர்காய்ச்சலும் வரலாம். அந்தக் காய்ச்சலையும் தொற்றின் கணக்கில் எழுதி, தாயைப் பிள்ளையிடமிருந்து இன்னும் தள்ளி வைத்துவிடுவார்கள். காய்ச்சல் திரும்ப ஏறினால் மார்பையும் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 5 முதல் 7 மில்லி போதும் என்பதால் பதறத் தேவையில்லை. பம்பில் எடுத்தால் அந்தச் சொட்டுகள் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். கையால் எடுப்பதே மேல். காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, முதலில் விலா எலும்பை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விட வேண்டும். தோலின் மேல் விரலை இழுத்தால் புண்ணாகும். காம்பையே பிடித்து நசுக்கினால் பால் வராது.

எடுத்த பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். வெக்கையான அறையில் அதற்கும் குறைவு. ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். உறைந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கினால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக்கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் கொதித்தும் ஓரிடம் குளிர்ந்தும் இருக்கும். பிள்ளையின் வாய் வெந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்தி வைத்தாலே போதும். பம்பின் பாகங்களைக் கழற்றித் தனிப் பாத்திரத்தில் கழுவிக் காற்றில் உலர விட வேண்டும். பலர் கை துடைத்த துண்டால் துடைத்தால் கழுவியதற்கே பொருளில்லை.

பவுடர் பால் தவிர வேறு வழியில்லை என்றால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்கக்கூடாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் நீர்க்கக் கலந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரும். 2022-இல் அமெரிக்காவில் பவுடர் பால் கிடைக்காமல் போனபோதும் இதையேதான் எச்சரித்தார்கள். இரண்டாவது, பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள், அதாவது இறக்கி வைத்து அரை மணிக்குள், பவுடரைக் கலந்து, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். கலந்த பால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. பிள்ளை குடித்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தால் பால் போதவில்லை என்று பொருள்.

படுக்கையில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. முதல் ஆறு மாதமாவது பிள்ளை பெரியவர்களோடு ஒரே அறையில், ஆனால் தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்க வேண்டும் என்பது தொற்று இல்லாத காலத்துக்கும் உள்ள விதி. தொற்று வந்தால் அதில் சேர்வது இவ்வளவே: தாயின் முகத்துக்கும் தொட்டிலுக்கும் இடையில் 2 மீட்டர். அறை சிறியது என்றால் தாயின் கால்மாட்டில் தொட்டிலைப் போடலாம். ஜன்னலைத் திறந்து வைத்து, தாயின் பக்கமிருந்து தொட்டில் பக்கம் காற்று அடிக்காதபடி ஃபேனைத் திருப்பி வைக்க வேண்டும்.

இதை விட்டுவிட்டுத் தொட்டிலின் மேல் போர்வையோ பிளாஸ்டிக் தாளோ போர்த்துகிறார்கள். பிள்ளை விட்ட மூச்சையே அது திரும்ப இழுக்கும், உள்ளே சூடும் ஏறும். தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்துக்கு அதிகச் சூடு ஒரு காரணி. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தொங்கும் திரையும் அபாயமே.

தாயைத் தனியே வைத்துவிட்டால் பிள்ளை இரவில் யாரோடு படுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பழக்கமில்லாத, களைத்துப் போன ஒருவரின் மெத்தையில், தலையணைகளுக்கு நடுவே, அல்லது சோஃபாவில். சோஃபா எல்லாவற்றிலும் மோசம். சாய்மானத்துக்கும் தூங்குகிறவர் உடம்புக்கும் நடுவில் பிள்ளை செருகிக்கொள்ளும். நள்ளிரவில் உட்கார்ந்து பால் கொடுக்கும் தாய் கண் அசந்துவிடுவோமோ என்று தோன்றினால், சோஃபாவைவிடத் தலையணையும் கனத்த போர்வையும் அகற்றிய கட்டிலே மேல். விழித்ததும் பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும். தூக்கம் தரும் சளி மருந்து குடித்தவரும் புகைப்பவரும் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை யாரோடும் ஒரே படுக்கையில் போடக்கூடாது. மருந்து என்றதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் பாதகமில்லை, சூடோஎஃபெட்ரின் கலந்த மூக்கடைப்பு மாத்திரை பாலைக் குறைக்கும், கோடீன் கலந்த இருமல் மருந்து பால் வழியே பிள்ளையின் மூச்சை மந்தமாக்கக்கூடும்.

மூக்கடைத்த பிள்ளைக்குத் தலைமாட்டை உயர்த்துவதும் வேண்டாம். பிள்ளை சரிந்து, தாடை நெஞ்சில் பதிந்து, மூச்சுக்குழல் மடங்கும். பால் கொடுக்கும் முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டாலே போதும். எதுக்களித்தால் புரையேறும் என்று பக்கவாட்டில் சாய்த்தும் படுக்க வைக்க வேண்டாம். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே இருப்பதால் கக்கிய பால் எளிதில் அதற்குள் ஏறாது.

நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலும், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல் இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

தொற்றுள்ள தாயை வீட்டுக்கு அனுப்பும்போது எத்தனை நாள் தனிமை என்று மட்டும் எழுதிக் கொடுப்பது போதாது. பால் எப்படிக் கொடுக்கப் போகிறீர்கள், பிள்ளை எங்கே, எதன் மேல், யார் பக்கத்தில் படுக்கும் என்று மருத்துவமனைகள் கேட்டு, பதிலையும் அதே தாளில் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
பிறந்த குழந்தைகள் பிரிவுச் செவிலியர்கள் சிலர்