படகு வாங்குமுன் கொக்கி வாங்குங்கள்: நெல்லைச் சீமைக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் பாய்ப்படகுப் பயிற்சி என்று பேச்செடுத்தாலே இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று, அது கடற்படைக்காரர்கள் சமாசாரம். மற்றொன்று, அது பணக்காரர் விளையாட்டு. இரண்டுக்கும் விடை சாதாரண மக்கள் உலகைச் சுற்றும் பந்தயத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டார். எந்தத் துறையிலும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பினார். தனியாக உலகைச் சுற்றும் அந்தப் பந்தயத்தில் இறங்கிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய 32 அடிப் படகு 'சுஹைலி' மும்பையில் தேக்கில் கட்டியது. அதற்கு முன் அவர் வேலை பார்த்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியில். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வ.உ.சி. எதிர்த்து நின்றாரே, அதே கம்பெனி. நடுக்கடலில் அடிப்பலகை இடுக்கு கசிந்தபோது நாக்ஸ்-ஜான்ஸ்டன் தண்ணீருக்குள் முங்கி, பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்தார். தூத்துக்குடித் தோணி ஆசாரிகளுக்குக் கைவந்த வேலை அது.

அதே பந்தயத்தில் பாய் ஓட்டவே தெரியாமல் இறங்கியவர் சே பிளைத். அவர் பாதியில் விலக நேர்ந்தது. ஆனால் 1992-இல் அவரே பெரிய காரியம் ஒன்று செய்தார். ஒரே அச்சில் வார்த்தது போன்ற 67 அடி எஃகுப் படகுகள் பத்து. கேப்டன் மட்டும் தொழில்முறை ஆள்; மற்றவர்கள் காசு கட்டிப் பயின்று ஏறியவர்கள். அதுவும் காற்றை எதிர்த்து, மேற்கு நோக்கி உலகைச் சுற்றினார்கள். நான்கு வருடம் கழித்து, 1996-இல், அதே போலச் சாதாரண மக்களை ஏற்றும் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் கிளிப்பர் பந்தயம் 60 அடிப் படகுகள் எட்டுடன் பிளிமவுத்திலிருந்து கிளம்பியது. 2005-இல் 68 அடி, 2013-இல் 70 அடி என்று படகுகள் வளர்ந்தன. தூரம் ஏறத்தாழ 40,000 கடல் மைல், பதினோரு மாதம். முழுச்சுற்றும் போக வேண்டியதில்லை, ஒரு கட்டத்துக்கு மட்டும் ஏறலாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பிலிப்பைன்ஸில் நின்றுபோன பந்தயம் 2022-இல் அங்கிருந்தே தொடர்ந்தது.

கட்டணம் பெரிதுதான், மறைக்கவில்லை. நாங்கள் கேட்பது அந்தப் பந்தயத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லி அல்ல. பழக்கமே இல்லாதவர்களைக் கடலோடிகளாக்கும் அவர்களுடைய முறையைத்தான் கேட்கிறோம். அதில் நான்கு படிகள். முதல் படியில் கயிறு, முடிச்சு, பாய் ஏற்றி இறக்குவது, பாதுகாப்பு. இரண்டாவதில் கரை காணாத இடத்தில் இரவும் பகலும் முறைக்காவல். மூன்றாவதில் பின்காற்றில் விரிக்கும் பெரிய ஸ்பினக்கர் பாய். நான்காவதில் தன் கேப்டனோடும் தன் குழுவோடும் ஓட்டம். ஒரு படி தேறாமல் அடுத்த படி இல்லை.

இந்த முறைக்கும் உயிர் விலை கொடுக்க நேர்ந்திருக்கிறது. 2015-இல், காற்று பாயின் மறுபக்கம் மாறியதில் வீசிய பருமலோ (பாயின் அடிக்கட்டை) அதன் கயிறோ தாக்கி ஒருவர் இறந்தார். 2016-இல் பசிபிக்கில் ஒருவரை அலை அடித்துக்கொண்டு போனது. அப்போது அவர் தன்னை இணைப்புக் கயிற்றால் படகோடு மாட்டியிருக்கவில்லை. 2017-இல் நடந்ததுதான் எல்லோரையும் உலுக்கியது. அன்று இறந்தவர் தன்னை மாட்டியிருந்தார். படகின் முன்பக்கமான அணியத்தில் பாய் மாற்றிக்கொண்டிருந்தபோது கடலில் விழுந்தார். இணைப்புக் கயிற்றின் கொக்கி தளத்தில் கயிறு கட்டும் கிளீட்டின் அடியில் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து, கழன்றுவிட்டது. நேராக இழுத்தால் டன் கணக்கில் தாங்கும் கொக்கி பக்கவாட்டில் அதில் சிறு பங்குதான் தாங்கும். ஆகவே கொக்கி எங்கே மாட்டுகிறது என்பதைவிட, ஆள் விழுந்தால் அது எதில் போய்ச் சிக்கும் என்று பாருங்கள். கொக்கியை மாட்டுவதற்காக அணியம் முதல் பின்பக்கம் வரை ஓடும் பட்டையை, கிளீட் பக்கம் கொக்கி போகாதபடி கட்ட வேண்டும். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று இரண்டு கால் உள்ள இணைப்புக் கயிறு வேண்டும். வேலை செய்யும்போது குட்டைக் காலையே மாட்ட வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் படகு நொடிக்கு மூன்று மீட்டர் போகிறது. ஒரு நிமிடத்தில் 185 மீட்டர். ஒன்றரை மீட்டர் அலையில் அந்தத் தூரத்து மனிதத் தலை கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஆள் விழுந்ததும் ஒருவர் வேறு வேலையே செய்யாமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அதே நேரத்தில் மிதவை வீசவும், ஜி.பி.எஸ்ஸில் இடத்தைப் பதியவும், படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பவும் மற்றவர்கள் பிரிந்துகொள்ள வேண்டும். தேங்காய் கட்டிய சாக்கை வீசிப் பழகினால் போதும், நூறு தடவை பழகலாம்.

இனி நம் கடல். கல்லூரி வசதிக்கு ஜூன், ஜூலையில் தொடங்கலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அது கச்சான், அதாவது மேற்குக் காற்றுக் காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று நம் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையோரம் தண்ணீர் குளம் போல் கிடக்கும், அதுதான் ஏமாற்று. வெளியே போகப் போகக் காற்றும் அலையும் ஏறும். பாய் கிழிந்தாலோ சுக்கான் உடைந்தாலோ படகு கரைக்கு வராது, இலங்கைப் பக்கம் ஒதுங்கும். காற்று 10 நாட்டிலிருந்து 20 ஆனால் பாயில் விழும் விசை இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அதனால் 'சுருக்கலாமா' என்று மனதில் பட்டதுமே பாயைச் சுருக்கிவிட வேண்டும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வாடையும் கொண்டலும் (கிழக்குக் காற்று) இதமாக இருக்கும். கடலிலிருந்து கொண்டல் வீசும் நாளில் தவறு நடந்தாலும் படகு கரைப்பக்கமே ஒதுங்கும். கற்றுக்கொள்ள அதுதான் பருவம்.

கற்றுக்கொடுக்க ஆள் தேடி வெளியூர் போக வேண்டாம். பந்தய விதியும் நவீன பாயும் சொல்லித்தர ஒரு தேர்ந்த பயிற்றுநர் வேண்டும், உண்மை. ஆனால் நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, மேகம் எப்போது காற்றாக மாறும் என்பதை உவரியிலும் மணப்பாட்டிலும் உள்ள பெரியவர்கள்தான் சொல்ல முடியும். அவர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். கௌரவ விருந்தினராக மேடையில் உட்கார வைத்தால் போதாது.

முதல் வருடத்துக்கு ஒரே மாதிரி இருவர் படகு நான்கும், துணைக்கு ஓர் எஞ்சின் வள்ளமும் போதும். ஆனால் கொள்முதல் பட்டியலில் படகு கடைசி வரியில் வரட்டும். அதற்கு மேலே ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், விசில், மிதவைகள், பாய்க்கயிறு அறுக்கும் கத்தி, வள்ளத்துக்கு நீர் புகாத வி.எச்.எஃப். வாக்கி-டாக்கி. பின்னாளில் பெரிய படகுக்குப் போகும்போது இணைப்புக் கயிறும் அதன் கொக்கியும் இதே வரிசையில் மேலே வர வேண்டும். உடுத்த துணியோடு 50 மீட்டர் நீந்தி, பத்து நிமிடம் மிதக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே படகு. அந்த நீச்சல் தேர்வைப் பொங்கலுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
நெல்லைச் சீமைக் கடற்கரையில் பாய்ப்படகு பழக்கும் சிலர்