பரண் கொட்டகையும் ஏஜி4 மெஷினும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்து நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் கிளம்பி வந்திருப்போமே" என்று சரோஜாவுக்குத்தான் உன் மேல் வருத்தம். அதை நீயே நேரில் வந்து சரிபண்ணிக்கொள்.

இங்கே பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வெள்ளை ஈ ஓய்ந்தால் வேர் வாடல் வருகிறது. ஆனைமலைப் பக்கம் காய்த்துக்கொண்டிருந்த மரங்களையே வெட்டிச் சாய்க்கிறார்கள். நம் தோப்பு இதுவரை தப்பித்திருக்கிறது. பட்டறையைச் சின்னவன் பார்த்துக்கொள்கிறான். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அளவெடுக்கப் போவது, பாக்கி வசூலிப்பது, இவைதான் இப்போது என் உத்தியோகம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆடுகளுக்குப் பரண் கொட்டகையை நீயே போடப் போகிறாய், போனில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கட்டிங் மெஷின் வருகிறது, வாங்கலாமா என்கிறாய். தாராளமாக விலை குறைந்த மெஷினே வாங்கு. எங்களைப் போல நாள் முழுக்க ஓட்டுகிறவனுக்குத்தான் அது கட்டுப்படியாகாது. ஒரு மாசத்தில் மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சர் கருகிவிடும். உனக்குக் கொட்டகை முடிந்தால் அப்புறம் எப்போதாவது ஒரு பைப், ஒரு போல்ட். அதற்கு அது போதும். மெஷினில் கஞ்சத்தனம் பண்ணு வாத்தியாரே, அதில் மாட்டுகிற வீலில் மட்டும் பண்ணாதே. ஆளைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் அந்த வீல்தான்.

ஆனால் போனில் படம் பார்த்து வாங்காதே. தாராபுரத்திலேயே ஹார்டுவேர் கடைக்குப் போ. ஏஜி4 என்று கேட்டாலே நாலு இஞ்ச் மெஷினை எடுத்து வைப்பார்கள். உன் வேலைக்கு அந்த 100 மில்லிமீட்டர் சைஸ்தான் சரி. அதற்கான 16 மில்லிமீட்டர் ஓட்டை வீல் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஐந்து இஞ்சுக்கு ஓட்டை 22 மில்லிமீட்டருக்கு மேல், அது நம் பக்கத்துச் சின்னக் கடைகளில் எப்போதும் இருக்காது. ஏழு இஞ்ச் மெஷின் பக்கமே போகாதே. அது உதறினால் கையில் நிற்காது.

பெட்டியில் 1,100 வாட்ஸ், 1,200 வாட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. நாலு இஞ்ச் மெஷினுக்கு 650இலிருந்து 850 வாட்ஸ் வரை இருந்தால் எல்லா வேலைக்கும் தாங்கும். கையில் எடுத்துப் பார். வீல் மாட்டும் தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. கடைக்காரரிடம் சொல்லி ஒரு நிமிஷம் ஓட்டிக் கேள். சீரான இரைச்சல் வந்தால் சரி, கரகரவென்று பல்சக்கரச் சத்தம் வந்தால் வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல். மோட்டாருக்குள் தேய்கிற கார்பன் கட்டையை மாற்றுவதற்கு வெளியிலேயே மூடி இருக்கிறதா, பக்கவாட்டுக் கைப்பிடி இருக்கிறதா, வீலை மூடுகிற கார்டு கனமான தகடா என்று பார். கார்டு இல்லாத மெஷினைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதே. இரண்டு முள் பிளக் இருக்கிறதே, எர்த் இல்லையே என்று பயப்பட வேண்டாம். உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு போட்ட மெஷின். அதற்காக ஈரத் தரையில் நின்று ஓட்டாதே.

சுவிட்சைப் பற்றி ஒன்று. விலை குறைந்த மெஷின்களில் முன்னால் தள்ளினால் அப்படியே பூட்டிக்கொள்கிற சுவிட்ச்தான் இருக்கும். வேலை நடுவில் கரண்ட் போகும். நீ மெஷினைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவாய். கரண்ட் வந்ததும் அது தானே ஓட ஆரம்பித்துத் தரையில் சுழன்று, போட்ட இடத்தை விட்டு ஓடும். ஆகவே கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சைப் பின்னால் இழு, பிளக்கைப் பிடுங்கு. கையை எடுத்தால் நிற்கிற துடுப்பு மாதிரிச் சுவிட்ச் உள்ளது கிடைத்தால் இருநூறு முந்நூறு கூடக் கொடுத்தாவது அதையே வாங்கு.

இப்போது வீல். ஒரு நல்ல கட்டிங் வீலை எடுத்து வெளிச்சத்தில் பார். 100 x 1 x 16 என்று அளவு போட்டிருக்கும்: விட்டம், கனம், ஓட்டை. பக்கத்தில் 15,300 என்று இருக்கும். நிமிஷத்துக்கு அத்தனை சுற்றுக்கு மேல் சுற்றக் கூடாது என்று அர்த்தம். உன் மெஷின் 11,000 அல்லது 12,000 சுற்றும், அதனால் பொருந்தும். அந்த வேகத்தில் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதிலிருந்து ஒரு துண்டு தெறித்தால் எப்படி வரும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். நடுவில் இருக்கிற இரும்பு வளையத்தில் மாசமும் வருஷமும் குத்தியிருக்கும், அது காலாவதி தேதி. பிசின் வைத்து ஒட்டிய சரக்கு, மூன்று வருஷம்தான் கணக்கு. ஈரம் பட்டால் அதற்கு முன்பே பலம் போய்விடும். உரமூட்டைக்குப் பக்கத்தில் போட்டு வைக்காமல் டப்பாவில் மூடி வை. விரிசலோ விளிம்பில் உடைசலோ இருந்தால் தூக்கிப் போடு, ஐம்பது ரூபாய்க்குள்தான் போகும். புது வீல் மாட்டியதும் ஆள் இல்லாத பக்கம் திருப்பிப் பிடித்து ஒரு நிமிஷம் வெறுமனே ஓட விடு. உடைகிறதாக இருந்தால் அப்போதே உடையட்டும்.

ஒரு மில்லிமீட்டர் கட்டிங் வீலின் பக்கவாட்டை வைத்துப் பிசிறு தேய்க்காதே. பக்கவாட்டில் அழுத்தினால் அது தாங்காது. தேய்க்க ஆறு மில்லிமீட்டர் கனத்தில் கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது.

இனி நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது ஒன்று. பரணுக்கு மரச்சட்டம் அறுக்க வேண்டும், அதே மெஷினில் பல் வைத்த மர பிளேடைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. கார்டைக் கழற்றிவிட்டு அப்படி அறுக்கிற தச்சர்களை நீயும் பார்த்திருப்பாய், நம் ஊர்களில் அது சர்வ சாதாரணம். மரத்தில் ஒரு கணு வந்து பல் கடித்தால் மெஷின் துள்ளி அறுக்கிறவன் மேலேயே ஏறும். எங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு பையன், இருபத்திரண்டு வயசு, நல்ல வேலைக்காரன். இடது கையில் நரம்பு போய் இரண்டு விரல் மடங்காமல் நிற்கிறது. மரத்துக்குக் கைவாள் எடு, இல்லையென்றால் மில்லிலேயே அறுத்து வாங்கிக்கொள்.

இரும்பிலும் துள்ளும். பைப்பின் இரண்டு முனையையும் தாங்கல் மேல் வைத்து நடுவில் அறுத்தால், அறுபடும் இடத்தில் இரண்டு பாதியும் உள்வாங்கி வீலைக் கடித்துப் பிடிக்கும். தாங்கலை வெட்டுக்கு ஒரு பக்கமாகவே வைத்து, அறுந்து விழுகிற துண்டு தொங்கும்படி விடு. வெட்டு தானே வாய் திறக்கும். பைப்பைக் காலால் மிதித்துக்கொண்டு அறுக்கிற வேலையெல்லாம் வேண்டாம், அதைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ் வாங்கு. இரண்டு கையாலும் பிடி. வீல் போகிற கோட்டுக்கு நேரே நிற்காமல் சற்று ஒதுங்கி நில். அழுத்தாதே. சத்தம் கம்மினால் நீ அமுக்குகிறாய் என்று அர்த்தம். வேலை முடிந்து சுவிட்சை அணைத்த பிறகும் வீல் சில நொடி சுற்றும், நிற்கும் வரை கீழே வைக்காதே.

வேட்டி, துண்டு வேண்டவே வேண்டாம். பேன்ட், கை ஒட்டிய சட்டை, ஷூ. கண்ணுக்கு உன் படிக்கிற கண்ணாடி போதாது, பக்கமெல்லாம் மூடிய கண்ணாடி வாங்கு. மீறி ஒரு பொடி விழுந்துவிட்டால், துணி முனையால் எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் விடாதே. கருவிழியில் ஒட்டிய இரும்புப் பொடி ஒரு நாளிலேயே துருப் பிடித்து வளையம் கட்டிவிடும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போனால் சுலபமாக எடுத்துவிடுவார். காதுக்குப் பஞ்சு போதாது, இருபது ரூபாய்க்கு நுரை அடைப்பான் கிடைக்கிறது.

மோட்டார் ரூம் மேல் இருக்கிற பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டை இந்த மெஷினால் வெட்டிக் கூரைக்குப் போடுவதாகவும் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. அந்தத் தூசியிலிருக்கிற நார் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட நோயாக வெளியே வரும். பக்கத்தில் பேத்தி வேறு விளையாடுகிறாள். கலர் தகடு ஷீட்டே வாங்கிவிடு. அதையும் இந்த மெஷினில் வெட்டாதே. தீப்பொறி பெயிண்டைப் பொசுக்கி அங்கேயே துருப் பிடிக்கும். தகடு வெட்டும் கத்தரி போதும்.

வைக்கோல் போரை விட்டுத் தள்ளி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வேலையை ஆரம்பி. ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

கொட்டகையின் நீள அகலம், எத்தனை ஆடு, பரணை எவ்வளவு உயரத்தில் தூக்கப் போகிறாய் என்று எழுது. கால் பைப்பின் கனமும் ஆங்கிள் சைஸும் நான் சொல்கிறேன். வெல்டிங்குக்குச் சின்னவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வைக்கிறேன், அதையும் நீயே செய்கிறேன் என்று கிளம்பாதே. அவனுக்குச் சம்பளம் வேண்டாம், தங்கச்சி கையால் கோழிக் குழம்பு போதுமாம்.

அன்புடன்,
ராமசாமி