மூன்று கையெழுத்தும் ஒரு டிக்ரியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கியிருப்பதில் மகிழ்ச்சி. நான் கோர்ட்டுக்குப் போவதை அடியோடு விட்டாயிற்று. ஆனாலும் உன் அக்கா மகன் வழக்கைப் படித்ததும் பழைய வக்கீல் புத்தி விழித்துக்கொண்டது.

மூன்று பேர் கையெழுத்திட்ட கடனுக்கு அவன் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதாதா என்கிறாய். போதாது. 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று டிக்ரியில், அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணையில், இருப்பதை நீயே எழுதியிருக்கிறாய். கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் அவன் ஒருவனிடமே வசூலிக்கலாம். ஒரே தொகையை இரண்டு முறை வாங்கத்தான் முடியாது. கையில் பசை உள்ளவன் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள்.

கட்டியவனுக்கும் வழி உண்டு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 43ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு வரும். மூவர் சேர்ந்து 3,000 ரூபாய் தர வேண்டும். ஒருவன் முழுவதையும் கட்டிவிட்டான். இன்னொருவன் திவால், அவன் சொத்து கடன்களில் பாதிக்குத்தான் காணும். அந்தச் சொத்திலிருந்து 500, மூன்றாமவனிடமிருந்து 1,250 கட்டியவனுக்குத் திரும்பும். திவாலானவன் பங்கில் குறைந்த 500ஐ மற்ற இருவரும் சரிபாதியாகச் சுமக்கிறார்கள். எத்தனை நறுக்கான கணக்கு!

இங்கிலாந்தில் வேறு கூத்து நடந்தது. இரண்டு கூட்டாளிகள் மேல் தீர்ப்பு வாங்கியவர்களுக்குப் பணம் வரவில்லை. இருவரும் நொடித்துப் போனார்கள். வசதியுள்ள மூன்றாவது கூட்டாளி ஒருவர் மறைவில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அவர் மேல் போட்ட வழக்கை, அங்கே அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1879இல் தள்ளிவிட்டது. கூட்டுக் கடனுக்கு வழக்குக் காரணம், அதாவது வழக்குப் போடும் உரிமை, ஒன்றுதான், அது முதல் தீர்ப்போடு கரைந்துவிட்டது என்றார்கள். தீர்ப்பு கையில் இருப்பதும் பணம் கையில் இருப்பதும் ஒன்றா? அந்த விதியை ஒழிக்க 1978 வரை ஆயிற்று. கூட்டாளிகளில் யாரிடமும் முழுக் கடனையும் கேட்கலாம் என்னும் நம் 43ஆம் பிரிவு அப்போதே இருந்தும், கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆங்கில விதிப் பக்கம் சாய்ந்தது, அலகாபாத் மறுத்தது. எனக்கு அலகாபாத்தைத்தான் பிடிக்கும்.

அக்கா மகனோடு கையெழுத்திட்ட கூட்டாளிகளில் ஒருவனிடம் கடன் கொடுத்தவர்கள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு விடுவித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதனால் மற்ற இருவரின் பொறுப்பு தீராது. 44ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவனும் முழுக்கத் தப்பவில்லை. கூட்டாளிகளுக்கு அவன் தர வேண்டிய பங்கு அப்படியே நிற்கிறது.

அக்கா மகனிடம் இரண்டு விஷயம் சொல். கோர்ட்டுக்கு வெளியே பணம் கொடுத்தால் அதை உடனே கோர்ட்டில் பதிவு செய்யச் சொல். பதிவாகாத பணத்தை, டிக்ரியை நிறைவேற்றி வசூலிக்கும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. தன் பங்குக்கு மேல் கட்டியதை மற்றவர்களிடம் கேட்டு வழக்குப் போட, அப்படிக் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. கூட்டாளிகள் சிநேகிதர்கள், தருவார்கள் என்று அவன் காலம் கடத்துவான், விடாதே.

டிக்ரி நகல் ஒன்றை அனுப்பு. வட்டி எந்தத் தேதியிலிருந்து என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்