கால்வாய்க்கும் கூத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் எங்கள் தெருவின் படம் வந்திருந்தது. மழைநீர்க் கால்வாயைத் தெருவைவிட ஒரு சாண் உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் படியேறித்தான் உள்ளே போகவேண்டும். செய்தி போட்டதற்கு நன்றி. 'கால்வாய் கட்டியதில் கேலிக்கூத்து' என்ற தலைப்புதான் உறுத்துகிறது.

என் அப்பா செய்யாற்றுப் பக்கத்து ஊர்களில் தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் 'அருச்சுனன் தபசு' என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே தபசு மரத்தில் ஏறி, உச்சியிலிருந்து விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசுவார். கீழே பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். முதல் நாளே தச்சரோடு போய் ஒவ்வொரு படியையும் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். ரசமட்டம் வைத்துப் பார்க்காத வேலைக்கா ஐயா அவர் தொழிலின் பெயர்?

எங்கள் மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய 583 அடி மலைபடுகடாமுக்குக் 'கூத்தராற்றுப்படை' என்றே இன்னொரு பெயர் உண்டு. தில்லையில் ஆடுகிறவரையும் கூத்தபிரான் என்றுதான் சொல்கிறோம்.

கூத்தில் கேலி இல்லாமல் இல்லை. அதற்கென்றே கட்டியங்காரன் இருக்கிறான். துரியோதனன் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே, 'யாருய்யா நீ, எந்த ஊரு?' என்று கேட்டுவிடுவான். எங்கள் கால்வாய் வேலையில் அப்படிக் கேட்க ஓர் ஆள் இல்லாததுதான் குறை.

பேச்சு வழக்கில் 'இதென்ன கூத்து' என்பதை நான் குறை சொல்லவில்லை. அம்மாவே எங்களை 'என்ன கூத்தடிக்கிறீங்க' என்று அதட்டுவார். திண்ணையில் படுத்திருக்கும் அப்பா, 'நான் அடிச்சா நெல்லு அளக்குறாங்க, பிள்ளைங்க அடிச்சா திட்டுறியே' என்பார். வீட்டில் அது செல்லம். நாளிதழ்த் தலைப்பில் ஏறினால் வசவு.

அடுத்த முறை 'அபத்தம்' என்று போடுங்கள். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் அதைப் 'பொய்' என்ற பொருளில் சொல்வார்கள். தெருமுனையில் 'பணி நிறைவுற்றது' என்று ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். அதற்கும் சேர்த்துப் பொருந்தும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.